நூற்புழுத் தண்ணீரும் உன் மாமனாரின் புகையிலையும்

தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் வருங்கால மாமனார் செல்லத்துரை எங்கள் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் கக்கூசுக்குள் போய் ஒளிந்துகொள்வது வழக்கம். ஒருநாள் இருநாள் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு வருஷம். கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து, நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவன், ஐம்பத்துநாலு வயதுக்காரன், விண்ணப்பம் எழுதுவிக்க ஊரில் பாதிப் பேர் தேடி வருகிற மனுஷன், வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் குந்திக்கொண்டு, சுவரிலிருந்த பல்லியை நானும் என்னைப் பல்லியும் பார்த்தபடி, வெளியில் உன் அம்மாவும் செல்லத்துரையும் கதைத்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இதை உன் அம்மா வயிற்றுக் கோளாறு என்று நம்பினாள். மாதுளங்கோது அவித்துத் தந்தாள். கறியில் தூளைக் குறைத்தாள். அது போதாதென்று கிணற்றடியிலும் சொன்னாள். கிணற்றடியில் சொன்னது அச்சுவேலிச் சந்தைக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். அதன் பிறகு நான் சைக்கிளில் எங்கே இறங்கினாலும் யாராவது ஒருவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "இப்ப எப்பிடி அண்ணை, கட்டியாப் போகுதோ?" என்று கேட்பார். நானும் பரவாயில்லை என்று சொல்லுவேன். உண்மையில் என் வயிற்றைப் போல ஆரோக்கியமான வயிறு இந்த வலிகாமத்தில் இல்லை.

இதை உன் கலியாணத்துக்குக் கொழும்புக்கு வந்து, ஆறுதலாக இருத்திவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன் அம்மாவின் முழங்கால் படகில் ஏறி இறங்க விடாது. அவளைத் தனியே விட்டுவிட்டு நான் வரமுடியாது. வந்தால் அவள் என்னைப் பற்றி ஊரில் என்னென்ன சொல்லுவாளோ என்ற பயமும் இருக்கிறது. ஆகவே நாளைக் காலை செல்லத்துரையும் மனைவியும் மகள் வசந்தியைக் கூட்டிக்கொண்டு படகேறக் கிளாலிக்குப் போகும்போது, மணவறைக்கு வேண்டிய சேலைகள், முறுக்கு, நான் தரும் மோதிரம் எல்லாவற்றோடும் இந்தக் கடிதமும் வரும். உறையை ஒட்டவில்லை. ஒட்டினால் வழியில் யாராவது மினக்கெட்டுக் கிழிக்க வேண்டும். எனவே இடையில் சோதனையிட்டு இதைப் பிரித்து வாசிக்கிற ஐயாமார் எல்லோருக்கும் என் வணக்கம். இதில் புழுவைத் தவிர வேறு இரகசியம் எதுவும் இல்லை. வாசித்துவிட்டு மடிப்புக் குலையாமல் திருப்பி வைத்துவிடுங்கள். வசந்தியும் வாசிப்பாள் என்பது எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை. உண்மையில் எனக்குத் தெரியாத சிலதும் அவளுக்குத் தெரிந்திருந்தது, அதைப் பிறகு சொல்லுகிறேன்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு நாங்கள் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது நம் மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு பையும், உன் கால்சட்டைக்குள் நீ ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு முத்திரை அல்பமும்தான் இருந்தன. உன் அம்மாவின் சீதன வீடு இருந்தபடியால் தப்பினோம். நீ மூன்றாம் நாளே புதுப் பள்ளிக்கூடத்தில் சிநேகிதம் பிடித்துவிட்டாய். உன் அம்மா முதலாம் நாளே கிணற்றடியில் பிடித்துவிட்டாள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினெட்டு வருஷம் கொழும்பில் ஒரு யன்னலருகில் இருந்து கோப்பு எழுதியவன் நான். அந்த யன்னலுக்கு வெளியே எங்கள் பெரிய துரையின் புற்றரை இருந்தது. அதை ஒருவன் காலையில் நனைப்பான், சனிக்கிழமையில் வெட்டுவான், அதன்மேல் ஒருவரும் நடக்கமாட்டார்கள். எனக்குக் கொழும்பில் வேறு எதுவும் சொந்தமாக இருக்கவில்லை; அந்தப் பச்சையைப் பார்க்கிற உரிமை மட்டும் இருந்தது. அதுவும் போன பிறகு, வீட்டு முன்வளவில் அதேமாதிரி ஒன்றை உண்டாக்குவது என்று தீர்மானித்தேன். கிழங்கு நடலாம், வெங்காயம் நடலாம் என்று உன் அம்மா சொன்னாள். அவள் சொன்னது சரி. நான் வரம்பெல்லாம் அலைந்து அறுகம்புல் பிடுங்கிக் கொண்டுவந்து, ஒவ்வொரு துண்டாக நட்டேன். செல்லத்துரை வேலிக்கு அந்தப் பக்கம் தன் தோட்டத்தைக் கொத்திக்கொண்டு நின்றவர், மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"உதிலை என்ன நடுறியள் அண்ணை?"

"புல்லு."

"மாடு வாங்கப்போறியளோ?"

"இல்லை. பாக்கிறதுக்கு."

அவர் திரும்பிப் போய் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஒரு புகையிலைக் கன்றுக்கு ஒரு கை தண்ணீர் கூடினாலும் கணக்குப் பார்க்கிற மனுஷன் அவர். அன்றிலிருந்து எனக்கு 'புல்லுக்காரர்' என்று பெயர் வந்தது. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

நான் செய்த முதற் பிழை, புல்லைப் புகையிலை போல வளர்த்தது. எனக்குத் தோட்டம் தெரியாது. செல்லத்துரை செய்வதைப் பார்த்துச் செய்தேன். அவர் மண்ணைத் தோண்டிப் பூவரசங்குழையைப் புதைத்தார், நானும் புதைத்தேன். அவர் மாட்டெருப் போட்டார், நானும் அவரிடமே கேட்டு, அவருடைய எருக்கும்பியிலிருந்து நாலு வண்டில் வாங்கிப் போட்டேன். அவர் தன் தோட்டத்துக்கு உக்கின எருவை அடியிலிருந்து எடுத்தார். எனக்கு மேலேயிருந்த பச்சை எருவைத் தந்தார். எனக்கு அது தெரியாது. எரு எரு என்றே நினைத்தேன். ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் இப்படிப் போட்டுப் போட்டு, ஏழெட்டு வருஷத்தில் என் முன்வளவு பச்சைப் பட்டு விரித்தது போல வந்துவிட்டது. நீ கொழும்புக்குப் போகும் அன்று அதன் மேல் செருப்போடு நடந்ததற்கு நான் கத்தினேன். பிள்ளை போகிற நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் புல்லைப் பற்றிக் கத்தினவன் நான். அதை நீ மறந்திருப்பாய். உன் அம்மா மறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு மாரியில் புல் மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் ஒரு தட்டு அளவு, பிறகு ஒரு சுளகு அளவு, பிறகு பாயளவு. தண்ணீர் காணாதோ என்று நனைத்தேன், மேலும் மஞ்சளானது. காகமும் செம்பகமும் வந்து கிண்டின. ஒருநாள் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன், தம்பி, புல் வேரில்லாமல் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்தது. அடியில் மண்ணுக்குள் வெள்ளைக் குண்டுப்புழுக்கள். செந்நிறத் தலை, பெருவிரல் தடிப்பு, வளையம் வளையமாகச் சுருண்டு படுத்திருந்தன. வேரையெல்லாம் தின்று கொழுத்து, என்னைப் பார்த்து அசையக்கூட இல்லை. கடைகளில் பூச்சி மருந்து என்ற பெயரே இல்லாத காலம் அது. பொருளாதாரத் தடையில் உரமும் வராது, மருந்தும் வராது, மண்ணெண்ணெய்க்கே வரிசை. செல்லத்துரையிடம் பழைய மருந்துத் தூள் அரைப்பேணி இருப்பது எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். அவர் பேணியைக் கொண்டுவந்து காட்டினார், ஆனால் கையை எடுக்கவில்லை. "அண்ணை, இது புகையிலைக்கு. எங்கடை சோத்துக்கு. புல்லுக்குத் தரமாட்டன், கோவியாதையுங்கோ." அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. ஆனால் நான் கோபித்தேன். ஒரு மாதம் கோபித்தேன். இந்தக் கதையில் நடந்த எல்லா முட்டாள்தனமும் அந்தக் கோபத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்.

அந்த நேரத்தில்தான் இராசநாயகம் வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சாவகச்சேரிக்காரர், என்னோடு ஒருகாலத்தில் கொழும்பில் ஒரே அறையில் இருந்தவர். சைக்கிளில் வந்து இறங்கியதும் தேத்தண்ணி கூடக் கேட்காமல் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறினார். பிறகு சொன்னார்: மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒரு சாதி இருக்கிறது; அது இந்தக் குண்டுப்புழுவைத் தேடிப் போய் உடம்பில் உள்ள துவாரத்தால் நுழையும்; நுழைந்து தன் வயிற்றில் வைத்திருக்கும் கிருமியை உள்ளே விடும்; இரண்டு மூன்று நாளில் குண்டுப்புழு செத்துச் செங்கட்டி நிறமாகும்; அதன் உடம்புக்குள்ளேயே நூற்புழு குஞ்சு குஞ்சாகப் பெருகி, ஆயிரக்கணக்கில் வெளியே வந்து அடுத்ததைத் தேடும். அவர் தன் வளவில் ஒரு தென்னையின் அடியில் அப்படிச் செங்கட்டி நிறத்தில் செத்த புழுக்களைக் கண்டிருக்கிறார். அடுத்த கிழமை அந்த ஈரமண்ணை ஒரு பால்மாப் பேணியில் கொண்டுவந்தார். நான் என் புற்றரையில் பிடித்த இருபது குண்டுப்புழுவை அதற்குள் போட்டு மூடினோம். மூன்றாம் நாள் திறந்தபோது பன்னிரண்டு சிவந்து கிடந்தன. எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது.

இனி அடுக்களைப் பகுதி. செத்த புழுக்களை ஈரத்துணியில் பரப்பி, அந்தத் துணியைக் கவிழ்த்த ஒரு சின்னக் கிண்ணத்தின் மேல் வைத்து, சுற்றிவரத் தண்ணீர் நிற்க ஒரு பெரிய பீங்கான் கோப்பையில் இருத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் துணியால் இறங்கித் தண்ணீருக்கு வரும். வீட்டில் இருந்த ஒரே பெரிய பீங்கான் கோப்பை உன் அம்மா கொழும்பிலிருந்து தப்பி வந்த பையில் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. "இஞ்சேருங்கோ, நான் உதிலைதான் பொங்கலுக்குப் பழம் வைக்கிறனான்" என்றாள். நான் கழுவித் தருவேன் என்றேன். "கழுவினாப்போலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனாள், அதன் பிறகு அந்தக் கோப்பையை அவள் தொடவேயில்லை. இன்றுவரை அது என்னுடையது. பதினோராம் நாள் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மயிர்த்துண்டு மாதிரி ஆயிரம் ஆயிரம் நெளிந்தன. நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் அப்படிப் பெருமைப்பட்டேன். மற்றது நீ பிறந்தபோது. இரண்டில் எது கூட என்று கேட்காதே.

அவற்றுக்கு வெயில் ஆகாது, மண் காய்வதும் ஆகாது. ஆகவே மழை பெய்து ஓய்ந்த ஒரு பின்னேரம், சூரியன் சாய்ந்த பிறகு, மண்ணை இன்னும் நனைத்து, பூவாளியின் சல்லடைத் தலையைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்ணீரைக் கலந்து ஊற்றினேன். மேலும் ஒரு முறை நனைத்தேன். நாலாம் நாள் தோண்டினேன். செங்கட்டி, செங்கட்டி, செங்கட்டி. எட்டில் ஆறு சிவந்திருந்தன. சிரித்துக்கொண்டே முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தோண்டினேன். ஒரு மாதத்துக்குள் மஞ்சள் பாய்களில் பச்சை முளை விட்டது.

இதை நான் வேலிக்கு மேலால் செல்லத்துரைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்று, கோபம். மற்றது, பயம். நூற்புழு என்ற சொல்லைப் புகையிலைத் தோட்டக்காரனிடம் சொல்லுவது, கோழி வளர்ப்பவனிடம் கீரி வளர்க்கிறேன் என்று சொல்லுவது மாதிரி. அவர்களுக்குத் தெரிந்த நூற்புழு வேறு சாதி. அது வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாகக் கட்டி, கன்றை வாட்டிக் கொல்லும். என்னுடையது செடியைத் தொடாது, பூச்சியைத்தான் தொடும் என்று இராசநாயகம் இரண்டு தடவை சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் கோப்பையில் மிஞ்சிய தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல், கொண்டுபோய் வேலியோரத்தில் ஊற்றிவிட்டேன். நிலம் அந்தப் பக்கம்தான் சரிவு. அந்தப் பக்கம் செல்லத்துரை ஒரு கிழமைக்கு முன்னர்தான் புகையிலைக் கன்று நட்டிருந்தார்.

அடுத்து நடந்தது உனக்கு விளங்கியிருக்கும். மாசியில் வேலியோரத்து நிரைகள் வாடின. காலையில் நிமிரும், மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். பிறகு காலையிலும் நிமிரவில்லை. செல்லத்துரை ஒரு கன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேலிக்கு மேலால் எனக்குக் காட்டினார். வேர் முழுக்கக் பாசிமணி கோத்தது போல முடிச்சு. "நூற்புழு அண்ணை. எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை." அப்போதுதான் முதல் தடவையாகக் கக்கூசுக்குப் போனேன். இராசநாயகத்தைக் கேட்கலாம் என்றால், அவர் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போனவர், மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. எழுதியது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஆக, உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி, அந்தப் பல்லி.

அந்த வருஷம் அந்த வீட்டில் கஷ்டம். தோட்டத்தில் பாதி போய்விட்டது. கறவை மாட்டை விற்றார்கள். வசந்தி ரியூசனை நிறுத்திவிட்டுத் தையல் இயந்திரத்தில் இருந்தாள். யன்னலால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. ஊரில் நாவூறு என்று கதை வந்தபோது, ஓம் ஓம், நாவூறாய்த்தான் இருக்கும் என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவன் நான். தோட்டத்து மூலையில் பழஞ்செருப்புக் கட்டியபோது செருப்புக் கொடுத்தவனும் நான்தான். கொழும்பிலிருந்து காலில் வந்த செருப்பு. பாவம் செய்தவன் செருப்பைக் கட்டினால் நாவூறு போகுமோ என்று அதையும் யோசித்தேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். கிணறு எங்களுக்கும் அவர்களுக்கும் பங்கு என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் அவர்கள் முறை, ஒருநாள் எங்கள் முறை. செல்லத்துரை மீதி நிலத்தில் பிந்தி நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் போதாமல் நின்றார். நான் என் இறைப்பு முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். புற்றரைக்கு இனித் தண்ணீர் வேண்டாம், மழை கண்டால் கண்டது என்றேன். யாழ்ப்பாணத்தில் ஒருவன் தன் கிணற்று முறையை விட்டுக்கொடுத்ததாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? அண்ணன் தம்பிகள் அதற்காக வழக்குப் பேசி நீதிமன்றப் படியேறுகிற ஊர் இது. ஊர் முழுக்க என்னைப் புகழத் தொடங்கியது. புல்லுக்காரர் பெரிய மனுஷனாகிவிட்டார். கோயிலில் இடம் விட்டுத் தந்தார்கள். நான் ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஒரு தடவை கூடுதலாகக் கக்கூசுக்குப் போனேன்.

அந்தப் புகழ் முற்றிப் பழுத்துத்தான் உன் சம்பந்தம் வந்தது. போன வருஷம் செல்லத்துரை வந்தபோது நான் வழக்கம் போல உள்ளே. அன்று அவர் போகவில்லை. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார். எனக்குக் கால் விறைத்துவிட்டது. வெளியே வந்தேன். "அண்ணை, உங்கடை மகனுக்கு வசந்தியைச் செய்து வைப்பமோ? தண்ணி முறையை விட்டுக்குடுத்த மனுசன்ரை வீட்டிலை என்ரை பிள்ளை குறையில்லாமல் இருப்பாள்." உன் அம்மா அழுதாள், சந்தோஷத்தில். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. உனக்கு எழுதினோம், நீ ஒரே வரியில் சம்மதம் என்று பதில் போட்டாய். அத்தனை வேகமாக நீ வேறு எதற்கும் பதில் போட்டதில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நாள் வைத்த பிறகு எனக்கு நித்திரை போய்விட்டது. ஒரு பொய்யின் மேல் ஒரு பிள்ளையை வாங்குகிறோமே என்ற எண்ணம். சொன்னால் சம்பந்தம் முறியலாம். நீ அங்கே அறை பார்த்து, நாட்கூலியில் கட்டில் செய்வித்து வைத்திருக்கிறாய். சொல்லாவிட்டால், சாகும்வரை நான் வாளியின் மேல்தான். போன செவ்வாய்க்கிழமை காலையில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். அவர் முற்றத்தில் புகையிலையை அடுக்கிப் பாடம் கட்டிக்கொண்டிருந்தார்.

"செல்லத்துரை, உம்மடை புகையிலை பட்டது என்னாலை."

கட்டுவதை நிறுத்தவில்லை. "எந்தப் புகையிலை?"

"வேலியோரம். அந்த வருசம். நான் நூற்புழு ஊத்தினனான்."

அப்போது நாரைக் கீழே வைத்தார். உள்ளே தையல் இயந்திரமும் நின்றது. நான் இராசநாயகத்திலிருந்து தொடங்கி, கோப்பை, துணி, பூவாளி, சரிவு எல்லாம் சொன்னேன். கிணற்று முறையை ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். கலியாணத்தை நிறுத்துவதென்றால் நிறுத்தலாம், பெடியனில் பிழை இல்லை என்றும் சொன்னேன். அவர் கட்டின புகையிலையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அண்ணை, உந்தப் புழு உங்கடை கோப்பைக்குள்ளையிருந்து வரேல்லை. என்ரை அப்பு காலத்திலையிருந்தே அந்தத் துண்டிலை இருக்கு. கத்தரி புடுங்கின கையோடை புகையிலை நட்டால் முடிச்சு விழுமெண்டு எனக்குத் தெரியும். சாமை விதைச்சு ஒரு போகம் ஆறவிட்டிருக்க வேணும். ஆசைப்பட்டு நட்டுப்போட்டன். எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை எண்டு உங்களுக்குச் சொன்னது வெக்கத்திலை."

நான் அவருக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டேன்.

"நானும் ஒண்டு சொல்லிப்போடுறன். உங்கடை புல்லைத் திண்ட குண்டுப்புழு என்ரை எருக்கும்பியிலையிருந்து வந்தது. அள்ளேக்கையே கண்டனான். புல்லுத்தானே எண்டு விட்டிட்டன்."

"அப்ப, தண்ணி முறைக்காகப் பொம்பிளை தந்தது?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "தண்ணிக்கு ஆரும் பொம்பிளை குடுப்பினமோ? இவள் வசந்திதான் கேட்டவள். உதைச் சொன்னால் நீங்கள் மறுக்கமாட்டியள் எண்டு சொல்லித் தந்ததும் இவள்தான்."

வசந்தி வாசலுக்கு வந்தாள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் மிக மரியாதையாகக் கேட்டாள்: "மாமா, அப்ப நீங்கள் ஓடி ஓடிப் போனது வருத்தத்திலை இல்லையோ?"

இனி இதிலிருந்து புத்திமதி சொல்ல வேண்டும், கடிதம் அப்படித்தான் எதிர்பார்க்கும். எனக்கு அதிகம் தெரியாது. முத்திரை ஒட்டி மூன்று வருஷமாக உங்கள் இருவருக்கும் இடையில் என்ன போய் வந்தது என்று நான் கேட்கவில்லை; அதை எங்களுக்கு நேரத்தோடு சொல்லியிருந்தால் நான் ஒரு வருஷமாவது நிம்மதியாக மிளகாய் போட்டுச் சாப்பிட்டிருப்பேன் என்பதை மட்டும் குறித்து வை. நீ பிழை செய்வாய், எனக்குப் பிறந்தவன் செய்யாமல் இருக்கமாட்டாய். செய்த அன்றே அவளிடம் சொல். இரண்டு நாள் பிந்தினாலும் அதற்குக் காலும் கையும் முளைத்து, நீ நினைத்திராத ஒரு பெருமையாகக்கூடத் திரும்பி வரும், அதைச் சுமப்பது பிழையைச் சுமப்பதை விடக் கஷ்டம். கொழும்பு வாடகை வீட்டில் ஒளிப்பதற்கு ஒரு கக்கூசுதான் இருக்கும், அதையும் மேல்மாடிக்காரரோடு பங்கு போட வேண்டும். அவள் தையல் இயந்திரத்தோடு வருகிறாள், அதற்கு யன்னலருகில் இடம் விடு. அவள் நிறுத்தின படிப்பைத் தொடர விரும்பினால் குறுக்கே நிற்காதே. யாராவது போகிற நேரத்தில் புல்லைப் பற்றிக் கத்தாதே. உன்னிடம் அன்று நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்: கவனமாய்ப் போய் வா, தம்பி. ஐந்து வருஷம் பிந்திவிட்டது, பரவாயில்லை.

எனக்கு இப்போது சுகம். போன கிழமையிலிருந்து உறைப்பாகச் சாப்பிடுகிறேன். படலைச் சத்தம் கேட்டால் முன்னுக்குப் போய் நிற்கிறேன். உன் அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். மாதுளங்கோது அவித்த விறகுக்குக் கணக்குக் கேட்கிறாள். படகு கரை சேர்ந்த செய்தியும் உங்கள் கலியாணப் படமும் வந்தால் எங்களுக்கு வேறு குறையில்லை. வாழ்நாளில் ஒன்றை மட்டும் நான் உருப்படியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்: மருந்தில்லாத காலத்தில், புழுவைக் கொண்டு புழுவைக் கொன்று, ஒரு புற்றரையைச் சாவிலிருந்து மீட்டேன். எங்கள் படத்தை அதில் நின்று எடுத்து அனுப்புகிறோம்.

அப்பா

இந்த நாலு வரியையும் செல்லத்துரை படலையடியில் காத்து நிற்க எழுதுகிறேன். கடிதம் வாங்க வந்தவர், நான் உறையைத் தேடும் நேரத்தில், குந்தியிருந்து என் முன்வளவில் ஒரு புல்லைப் பிடுங்கி, தண்டை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். தண்டுக்கு மூன்று மூலை இருக்கிறதாம். பிடுங்கின இடத்தில் கறுப்பாக ஒரு சின்னக் கிழங்கும் வந்தது. "அண்ணை, இது அறுகு இல்லை, கோரை. அறுகு அந்த மாரியோடையே செத்துப்போச்சு. உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்லை."